நத்தை ஓடு வைத்த கொண்டலாத்தி

கோடையில் வற்றிய ஏரியின் நடுவே கூழாங்கல் திட்டு ஒன்று இருந்தது. அங்கே ஆள்காட்டிகளும் வானம்பாடிகளும் தரையிலேயே முட்டையிட்டன. கூடு என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் கிடையாது. காலால் கீறிய ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான். முட்டைகள் கல்லோடு கல்லாகக் கிடக்கும். மிதிக்கிற அளவுக்குக் கிட்டே வந்தாலும் கண்ணில் படாது.

ஆனாலும் இரண்டு வருடங்களாகக் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. பறவைகள் கூடிப் பேசின.

“வெயில்தான் காரணம்!” என்றது ஒரு வானம்பாடி.

“இல்லை, ஆடுகள் மிதிக்கின்றன!” என்றது ஓர் ஆள்காட்டி.

கரையோரப் புளியமரத்துப் பொந்தில் ஒரு கொண்டலாத்தி குடியிருந்தது. நீண்ட மூக்கும் விசிறிக் கொண்டையும் கொண்ட பறவை. எல்லாம் தெரிந்தவன் என்ற மிடுக்கும் கொஞ்சம் உண்டு. அது கொண்டையை விரித்துக்கொண்டு எழுந்தது.

“ஆளுக்கொரு காரணம் சொன்னால் ஆயிற்றா? எத்தனை கூடு, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று தினமும் எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்த வேலையை நான் செய்கிறேன்!”

யோசனை நல்ல யோசனைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் பறவைகளும் சம்மதித்தன.

முதல் நாள் கொண்டலாத்தி பன்னிரண்டு கூடுகளைக் கண்டுபிடித்தது. மறுநாள் போனால் ஒன்றையும் காணோம்! கல்லை முட்டை என்று நினைத்து, முட்டையைக் கல் என்று நினைத்து அலைந்து அலுத்துப்போயிற்று. அப்புறம் ஒரு வழி செய்தது. வெயிலில் வெளுத்த நத்தை ஓடுகளைப் பொறுக்கி வந்து, மறுபடி தேடிப் பிடித்த கூடுகளின் பக்கத்தில் கூட்டுக்கு ஒன்றாக வைத்தது.

ஆள்காட்டிக்கு அது பிடிக்கவில்லை.

“அண்ணா, வெள்ளையாக எதையும் இங்கே வைக்காதீர்கள்! குஞ்சு பொரிந்ததும் முட்டை ஓட்டைக்கூட நாங்கள் தூரக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவோம். அதன் உள்பக்கம் வெள்ளை. எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்.”

“உனக்கு இதெல்லாம் புரியாது, தங்கச்சி. அடையாளம் இல்லாமல் எப்படி எண்ணுவது? உங்கள் நன்மைக்குத்தானே செய்கிறேன்!”

நன்மைக்குச் செய்கிறேன் என்கிறவரை யார்தான் தடுக்க முடியும்? ஆள்காட்டி போய் முட்டைமேல் உட்கார்ந்தது. எதிர்க்கரைக் கருவேல மரத்திலிருந்து ஒரு காகம் இதையெல்லாம் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் ஒரு கூடு காலி. ஆறாம் நாள் இன்னும் மூன்று. கொண்டலாத்தி கவலைப்பட்டது. உண்மையாகவே கவலைப்பட்டது.

“நான் கவனித்தது போதவில்லை!” என்று காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போக ஆரம்பித்தது. மண்படிந்த ஓடுகளை எடுத்துவிட்டுப் பளிச்சென்ற ஓடுகளை வைத்தது. பத்தாம் நாள் ஆள்காட்டியின் நான்கு முட்டைகளும் போயின. மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின.

ஆள்காட்டி அன்று முழுவதும் காலிப் பள்ளத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டே நடந்தது. கேட்கச் சகிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத் திட்டின் மறு ஓரத்தில் மறுபடி நான்கு முட்டை இட்டது. மழை வந்தால் ஏரி நிரம்பிவிடும். இந்த வருடத்துக்கு இதைவிட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

கொண்டலாத்தி அங்கேயும் ஓட்டோடு வந்துவிட்டது.

“இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள், அண்ணா!”

“ஒரு கூடு விட்டுப்போனாலும் எண்ணிக்கை தப்பாகிவிடும், தங்கச்சி!”

ஓட்டை வைத்துவிட்டுத் திரும்பியது. வழியில் ஒரு முள்செடி அடியிலிருந்து வானம்பாடி இரண்டு குஞ்சுகளோடு வெளியே வந்தது.

“உன் கூடு போய்விட்டது என்றல்லவா நினைத்தேன்! அங்கே ஓட்டையே காணோமே!”

“நீங்கள் வைத்த அன்றே காற்று அதை உருட்டிக்கொண்டு போய்விட்டது. போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.”

கொண்டலாத்தி அப்படியே நின்றது. பன்னிரண்டு கூடுகளில் பதினொன்று போயிற்று. பிழைத்தது ஒன்று. அதே வெயில், அதே ஆடுகள், அதே திட்டு. அந்த ஒன்றின் பக்கத்தில் இல்லாதது ஓடு மட்டும்தான்!

“ஐயோ! இப்போதுதானே ஆள்காட்டியிடம் வைத்துவிட்டு வந்தேன்!”

பதறிப்போய்த் திரும்பிப் பறந்தது. காகம் அதற்குள் மரத்தைவிட்டுக் கிளம்பியிருந்தது. ஆள்காட்டி கத்திக்கொண்டு அதன்மேல் பாய்ந்தது. காகம் ஒதுங்கி ஒரு வட்டமடித்தது. அதற்குள் கொண்டலாத்தி தாழப் பறந்து வந்து ஓட்டைக் கவ்விக்கொண்டு போய், நூறு அடி தள்ளி வெறும் கல்லில் போட்டது.

காகம் அந்த ஓட்டின் பக்கத்தில் போய் இறங்கியது. ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தது.

“என்ன ஐயா இது? ஓடு இருக்கிறது, முட்டையைக் காணோமே! இத்தனை நாள் உங்கள் ஓடு ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லையே!” என்று கொண்டலாத்தியையே கேட்டுவிட்டுப் பறந்துபோயிற்று.

கொண்டலாத்திக்கு வெட்கத்தில் உடம்பு குறுகியது. ஆள்காட்டியின் முன்னால் போய் நின்றது.

“தின்றது காகம். வழி காட்டியது நான்.”

“என் பழைய முட்டைகள் திரும்பி வருமா?”

“வராது.”

“அப்படியானால் எட்டப் போங்கள், அண்ணா.”

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. கொண்டலாத்தி அங்கிருந்து விலகியது. மிச்சம் கிடந்த ஓடுகளையெல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய்ச் சேற்றில் புதைத்தது. புளியமரத்து உச்சிக்கிளையில் ஏறி உட்கார்ந்தது. அன்றிலிருந்து திட்டை அங்கிருந்தே பார்த்தது. கொளுத்தும் வெயிலிலும் பார்த்தது.

வெயிலா, ஆடா என்ற பழைய கேள்விக்கு அந்த வருடம் விடை கிடைக்கவில்லை. ஆனால் முதல் மழைக்கு நான்கு நாள் முன்பு ஆள்காட்டி திட்டைவிட்டுக் கரையை நோக்கி நடந்தது. அதன் பின்னால் சின்னச் சின்னதாக ஏதோ ஓடின.

“எத்தனை குஞ்சு?” என்று ஆவலோடு கேட்டது வானம்பாடி.

கொண்டலாத்தி கழுத்தை நீட்டிப் பார்த்தது.

“மூன்று போலிருக்கிறது. நான்காகவும் இருக்கலாம்.”

“கிட்டே போய் எண்ணிவிட்டு வாருங்களேன்!”

“வேண்டாம்,” என்றது கொண்டலாத்தி. “எத்தனையாக இருந்தாலும் சரி, அவை நல்லபடியாகப் போகட்டும்!”

பிறருக்கு நன்மை செய்யப் புறப்படுகிறவர், தம்மால் அவர்களுக்குத் தீமை நேருகிறதா என்பதையே முதலில் ஆராய வேண்டும்.