குலசேகரன் சார் செய்து காட்டினார்

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுக்குக் கோச் ஆக வருகிறவர்களைப் பழக்கும் முகாம் அது. தலைமை குலசேகரன் சார். கழுத்தில் விசில், வாயில் எந்நேரமும் தன் பழைய மெடல் கதை.

கடைசி நாள் தேர்வு. பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் குண்டு எறியக் கற்றுக்கொடுக்க வேண்டும். தேர்வு எழுத வந்த இசக்கி தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். பாஸானால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு அவள் கோச்.

"நின்னு, குனிஞ்சு, திரும்பிச் செஞ்சு காட்டணும். முடியாதவங்களுக்குச் சான்றிதழ் கிடையாது" என்றார் சார்.

"சரி சார். எப்படிக் காட்டணும்னு நீங்க ஒருதடவை காட்டுங்க."

சார் முழங்காலை மடக்கினார், இடுப்பைத் திருப்பினார், கையை நீட்டினார். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வாயை மட்டும் திறக்கவில்லை.

பிள்ளைகள் வரிசையில் முதலில் நின்ற பெனிட்டா கேட்டாள்: "சார், எப்ப ஆரம்பிப்பீங்க?"

மைதானமே சிரித்தது. இசக்கி சிரிக்கவில்லை, அவளுக்கு வேலை இருந்தது.

"சார், மறுபடி அப்படியே குனிஞ்சு நில்லுங்க. பெனிட்டா, சார் முழங்காலைத் தொட்டுப் பாரு. எவ்வளவு மடங்கியிருக்கு? இப்ப இடுப்பு. அதே மாதிரி நீ நில்லு. குண்டைக் கழுத்தோட ஒட்டி வை. காலால தரையை உதைச்சு எழும்பித் தள்ளு."

பெனிட்டா அதுவரை எட்டாத தூரத்தில் குண்டு தொப்பென்று விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சாரால் தட்ட முடியவில்லை, இன்னும் குனிந்தபடியே முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ் போட்டுடறேன்மா. நிமிரலாமா?"

"அசையாதீங்க சார். மத்தப் பிள்ளைங்க இன்னும் தொட்டுப் பாக்கல."