அடித்துவிட்ட இரண்டு பக்கங்கள்

பதினான்கு மாடி அலுவலகக் கட்டடம் அது. ஒன்பது வருடம் ஒரு குறையும் இல்லாமல் நின்றது. பத்தாம் வருடம் மேல்தளங்களில் சுவர்கள் குறுக்காக வெடித்தன. கதவுகள் நிலையில் இறுகிக்கொண்டன. பன்னிரண்டாம் மாடித் தரையில் பேனாவை வைத்தால் அது ஓரத்துத் தூணை நோக்கி உருண்டது.

விசாரணைக் குழுவுக்குத் தலைவர் பேராசிரியர் ஞானசிகாமணி. வயது எழுபத்தொன்று. தூண்களைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. குழுவின் செயலாளர் சுகந்தி. இருபது வருடங்களுக்கு முன் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள், இப்போது அதே துறையில் பேராசிரியை.

அந்தக் கட்டடத்தின் தூண்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்ததும் அவர்கள் இருவரும்தான். வரைபடத்தில் கட்டிய நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது. ஆகவே அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தூண் ஒவ்வொன்றும் வட்டமான இரும்புக் குழாய், உள்ளே கான்கிரீட். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. கான்கிரீட் ஊற்றிய மேஸ்திரி மாசானத்துக்கு அதுவே வினையாகிவிட்டது.

"தண்ணி ஜாஸ்தியா கலந்திருக்கீங்க" என்றார் குழுவில் ஒருவர்.

"இல்லீங்கய்யா. குழாயை அறுத்துப் பாருங்க. தெரிஞ்சு போயிடும்."

"ஆயிரம் பேர் வேலை பாக்கிற கட்டடம். தூணை அறுக்க முடியுமா?"

"அப்ப நான் கலந்தேன்னு மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுது?"

மாசானம் சுகந்தியைப் பார்த்தார். அவள் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிக்கை தயாரானது. 'குற்றம் மேஸ்திரி மாசானத்துடையது' என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்; சுகந்தியின் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

மறுநாள் காலை அறிக்கையோடு ஞானசிகாமணியிடம் போனாள்.

"சார், மாசானம் பேரைத்தான் எழுதணுமா?"

அவர் எழுந்து சோதனைக்கூடத்துக்கு நடந்தார். அவள் பின்னால் போனாள். அங்கே ஒரு மூலையில், அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருடம் சுமை ஏற்றி நிறுத்திய சோதனைத் தூண் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"எவ்வளவு ஏத்தினோம்?"

"அறுபது டன்."

"இன்னிக்கு?"

"அதே அறுபது."

"தூண்?"

அவள் அளவுமானியைக் குனிந்து பார்த்தாள். "முதல் நாள் குறுகின மாதிரி இன்னொரு மடங்கு குறுகியிருக்கு."

"சுமை ஏறல. அப்புறம் ஏன்?"

"கான்கிரீட் தளர்ந்துக்கிட்டே வருது சார். தன் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமா இரும்பு மேல விட்டுடுது."

"இரும்பு?"

"தாங்குது."

"சத்தம் போட்டுதா?"

"இல்ல."

"அதனாலதான் தூண் நிக்குது" என்றார் ஞானசிகாமணி. "எல்லாரும் மேல நிம்மதியா உக்காந்திருக்காங்க."

அவளுக்குப் புரிந்தது. மாணவியாக இருந்தபோது அவர் இப்படி ஒரு பதில் சொன்னால் ஒரு வாரம் அதையே மனதில் வைத்துக்கொண்டு திரிவாள். இன்று உடனே மறுத்தாள்.

"மாசானம் இரும்பு இல்ல சார். அவருக்கு அறுபத்துமூணு வயசு. முட்டியில பட்டை கட்டிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தாரு."

அவர் அளவுமானியின் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கட்டடத்துக்கு நான் அப்பவே கணக்குப் போட்டேன் சார். பத்து வருஷத்துல ஓரத் தூண்கள் நடுவுல இருக்கிற கான்கிரீட் சுவரைவிட இருபத்திரண்டு மில்லிமீட்டர் கூடுதலா குறுகும், தரை சாயும். குழாய்க்குக் கனம் கூட்டணும், இல்ல தடுப்புச் சுவர்கள்ல இடைவெளி விடணும். ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நீங்க கோடு போட்டு அடிச்சீங்க."

"கட்டின கம்பெனிக்கு ஒல்லியான தூண் வேண்டியிருந்துது."

"நான் அப்ப என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"'சரி சார்'னேன். அவ்வளவுதான். அடிச்சதை விட்டுட்டு மறுபடியும் டைப் பண்ணிக் கொடுத்தேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இப்ப அதைச் சொன்னா உனக்கு வேலை போகும். எனக்குப் பேர் போகும். அந்த ஆளுக்கு என்ன போகப்போகுது?"

சுகந்தி அறிக்கையின் கடைசிப் பக்கத்தைச் சோதனை மேசைமேல் விரித்தாள். மாசானத்தின் பெயரை அடித்தாள். அந்த இடத்தில் முதலில் தன் பெயரை எழுதினாள். அதன் கீழே அவர் பெயர். அதை எழுதும்போது 'ஞா' இரண்டு தடவை விழுந்தது. கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கிழிப்பார் என்று நினைத்தாள். கிழிக்கவில்லை.

"அப்பவே உங்களுக்குத் தெரியும், இல்லையா சார்? சுவர் வெடிக்கும்னு?"

"தெரியும். உன் கணக்குல ஒரு பிழையும் இல்ல."

"அப்புறம் எந்தத் தைரியத்துல அடிச்சீங்க?"

ஞானசிகாமணி காகிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பத்து வருஷம் ஆகும்னு எழுதியிருந்தே. அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்திடுவேன்னு நெனச்சேன்."