உதட்டை மட்டும் அசைத்தால் போதும்

வளசரவாக்கத்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது. பெயர் நிலோஃபர். வயது முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கலாம். சினிமாவில் சேராத தனிப் பாடல்களுக்கு வீடியோ எடுப்பது அவர் தொழில்.

அவருடைய சீடர் தங்கப்பழத்துக்கு வயது நாற்பத்தாறு. சங்கரன்கோவில் பக்கம் பிறந்து, ஆவடியில் குடியேறி, பாதி ஆயுளைக் கல்யாண வீடியோவிலேயே கழித்தவர். தாலி கட்டும் நேரத்தில் எந்தச் சித்தப்பா எந்தப் பக்கமிருந்து வந்து கேமராவை மறைப்பார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டும் என்ற அரிப்பு அந்த வயதில்தான் வந்தது. வெட்கத்தை விட்டு நிலோஃபரிடம் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார்.

சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை அண்ணே என்பார். இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்லும் பழக்கம் நிலோஃபருக்கு இல்லை. "ஒரு ஷாட்டை எவ்வளவு நேரம் வைக்கலாம் மேடம்?" என்று ஒருநாள் தங்கப்பழம் கேட்டார். நிலோஃபர் கொதிக்கக் கொதிக்க ஒரு டீ டம்ளரை அவர் கையில் கொடுத்து, "கை தாங்குற வரைக்கும் பிடிங்க" என்றார். அன்றைக்குச் சீடருக்குக் கை சுட்டதுதான் மிச்சம்.

அப்படிப்பட்ட தங்கப்பழத்துக்கு முதன்முதலாக ஒரு பாட்டு கிடைத்தது. எடுத்தும் முடித்தார். ஒரு வியாழக்கிழமை காலையில் ஹார்ட் டிஸ்க்கும் கையுமாக மாடியேறி வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"மேடம், எந்த லென்ஸ் போட்டா ஒரு முகம் எடுபடும்?"

"யார் முகம்?"

"பிரமிளா முகம்."

பிரமிளா ஆவடியில் ஒரு மெல்லிசைக் குழுவின் பாடகி. ஊரார் பாட்டையெல்லாம் மேடையில் பாடியே நாற்பது வயதை எட்டியவர். குழுவில் கீபோர்டு வாசிக்கும் இன்பராஜ் இப்போதுதான் அவருக்கென்று ஒரு பாட்டுப் போட்டிருந்தார். காலம் தப்பி வந்த மழையோடு ஒருத்தி போடும் சண்டைதான் பாட்டு. பிரமிளாவின் சொந்தப் பெயரில் வரப்போகும் முதல் பாட்டும் அதுதான்.

"முகத்துக்கு என்ன?" என்றார் நிலோஃபர்.

"எடுத்ததை மானிட்டர்ல பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. 'அண்ணே, என் குரல் மட்டும் இருக்கட்டும், மூஞ்சி வேண்டாம். யாராவது அழகான பொண்ணா பாத்துப் போட்டுக்கோங்க'ன்னாங்க. இன்பராஜும் சரின்னுட்டாரு. ஒரு மாடல் பொண்ணைப் பேசியாச்சு. ஞாயித்துக்கிழமை மறுபடி ஷூட்டிங்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் வாயே திறக்கலை. அந்தம்மா எந்திரிச்சுப் போய் முகத்தைக் கழுவிட்டு வந்தாங்க. மேக்கப்பைக் கலைக்கத்தான் போறாங்கன்னு நினைச்சேன். வந்தப்போ கண்ணு செவந்திருந்துச்சு." தங்கப்பழம் ஹார்ட் டிஸ்க்கை நிலோஃபரிடம் நீட்டினார். "அவங்க பாட்டுல அவங்க முகம் இல்லேன்னா, அது நான் பண்ண பாவம் மேடம்."

நிலோஃபர் படத்தைப் போட்டார். ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தார்.

திரையில் பிரமிளா மழையில் நின்றார். நல்ல சேலை, நல்ல வெளிச்சம். தண்ணீர் லாரியிலிருந்து குழாய் வைத்துக் கொட்டிய மழைகூட நிஜ மழையாகவே தெரிந்தது. பிரமிளாவின் உதடுகள் திறந்தன, மூடின. கழுத்து அசையவில்லை. கண் எதையோ மறந்துவிட்டு வந்தவர் கண்போல இருந்தது.

"பாட்டு போட்டுத்தானே எடுத்தீங்க?"

"ஆமா மேடம். பெரிய ஸ்பீக்கர் வச்சுப் போட்டேன்."

"இப்படிப் பாடச் சொன்னது யாரு?"

"நான்தான். சத்தம் வேண்டாம், உதட்டை மட்டும் அசைச்சாப் போதும்னேன். குரல்தான் ஏற்கெனவே பதிவாயிடுச்சே. அன்னைக்குச் சாயங்காலம் அவங்களுக்குக் கச்சேரி வேற. தொண்டை கட்டிக்கிட்டா பாவம்ல?"

நிலோஃபர் எழுந்து ஜன்னலோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எதிரே கேமராவை நிறுத்தினார்.

"உக்காருங்கண்ணே."

"நானா?"

"நீங்கதான்."

தங்கப்பழம் தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சட்டையின் மேல் பித்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னவருக்குத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நிலோஃபர் பிரமிளாவின் பாட்டை ஸ்பீக்கரில் போட்டார். "உதட்டை மட்டும் அசைங்க."

அசைத்தார். பல்லவி முடிந்ததும் நிலோஃபர் நிறுத்தி, எடுத்ததை ஒலியில்லாமல் போட்டுக் காட்டினார். திரையில் ஒரு மனிதர் சூடான பனங்கிழங்கை மென்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு எந்த லென்ஸ் போடலாம்ண்ணே?"

தங்கப்பழம் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இப்ப பாடுங்க."

"எனக்குப் பாட வராது மேடம்."

"எனக்கும் வராது. பாடுங்க."

அந்த நேரம் பார்த்துக் கீழே மாவு மில் ஓட ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. மில்லை மீறிப் பாட வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். தங்கப்பழம் கத்தினார். சுருதியும் தாளமும் ஆளுக்கொரு பக்கம் ஓடின. ஆனாலும் மழையை நன்றாகத் திட்டினார். பல்லவியைக் கடந்தார், முதல் சரணத்தைக் கடந்தார். இரண்டாவது சரணத்தின் வாசலில் வந்து நின்றுவிட்டார். வரி தெரியவில்லை.

ஸ்பீக்கரில் பிரமிளா மட்டும் பாடிக்கொண்டிருந்தார்.

நிலோஃபர் பாட்டை நிறுத்தினார். "இதை எத்தனை தடவை கேட்டிருப்பீங்க?"

"கணக்கே இல்ல மேடம்."

"என்ன கேட்டீங்க?"

தங்கப்பழம் தரையைப் பார்த்தார். "ஷாட்டை எங்கெங்க வெட்டலாம்னு கேட்டேன்."

நிலோஃபர் இரண்டாவதாக எடுத்ததையும் ஒலியில்லாமல் போட்டார். இப்போது திரையில் இருந்த மனிதருக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூச்சுக்குத் தவித்தார். புருவம் யாரோடோ சண்டை பிடித்தது. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இது நான்தானா?" என்றார் தங்கப்பழம்.

"போய் அந்த ரெண்டாவது சரணத்தைப் படிச்சுட்டு வாங்க" என்றார் நிலோஃபர்.

"பிரமிளா ஒத்துக்குவாங்களா மேடம்?"

நிலோஃபர் கேமராவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

தங்கப்பழம் அன்றைக்கே பிரமிளாவுக்கு போன் செய்தார். "இன்னொரு தடவை எடுத்துப் பாக்கலாம்மா" என்றார். "விட்டுருங்கண்ணே, நான் மனசைத் தேத்திக்கிட்டேன்" என்று பிரமிளா வைத்துவிட்டார். அதற்கு மேல் வற்புறுத்தத் தங்கப்பழத்துக்கு வாய் வரவில்லை. குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் பாட்டைப் பாடினார். வீட்டில் பயந்துபோனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமில் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு முற்றத்தில் ஷூட்டிங். தங்கப்பழத்துக்குப் பழக்கமான மண்டபம் அது. தண்ணீர் லாரி வந்து நின்றது. மாடல் பெண்ணும் நேரத்துக்கு வந்துவிட்டாள். நல்ல பெண், யாரிடமும் முகம் சுளிக்காதவள். பாட்டு வரிகளை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகப் பிரமிளா ஒரு குடையோடு வந்து ஓரமாக நின்றார்.

தங்கப்பழம் நேராகப் பிரமிளாவிடம் போனார்.

"அன்னைக்கு உங்களை ஊமையாக்கினது நான்தான்ம்மா. அந்த முகம் உங்க முகம் இல்ல. இன்னைக்கு ஒரு தடவை வாய்விட்டுப் பாடுங்க. பிடிக்கலைன்னா அந்தப் பொண்ணையே போட்டுக்கலாம்."

"வேண்டாம்ணே. பாத்ததே போதும்."

"சரி. அப்ப நான் பாடுறேன்."

பிரமிளாவுக்குப் புரியவில்லை. கேமராமேனுக்கும் புரியவில்லை. "ஓட விடுங்க, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கப்பழம் செருப்பைக் கழற்றினார். குழாய் மழைக்குள் போய் நின்றார். ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது.

பாடினார். மாடல் பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு லாரிக்காரர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நனைந்த சட்டை தொந்தியில் ஒட்டிக்கொண்டிருக்க, தங்கப்பழம் இரண்டாவது சரணத்துக்கு வந்தார். இந்த முறை வரி தெரிந்திருந்தது.

*வந்ததும் வந்துட்டே, வாசலோட போயிடாதே,*
*காஞ்ச பானையக் கேளு, காத்திருந்த கதை சொல்லும்.*

வரி சரி. மெட்டுதான் எங்கோ போய்விட்டது. கெஞ்ச வேண்டிய இடத்தில் ஏலம் போடுவதுபோல் இருந்தது. பிரமிளா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தார். பல்லைக் கடித்தார்.

"அண்ணே, அது அப்படி இல்ல!"

தண்ணீர்ச் சத்தத்தில் தங்கப்பழத்துக்குக் காது கேட்கவில்லை. பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அதே வரியை இன்னும் கெடுத்துப் பாடினார்.

பிரமிளா குடையைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். தங்கப்பழத்தின் எதிரே நின்று, கையை ஓங்கி, "வாசலோட போயிடாதே" என்று பாடிக் காட்டினார். தங்கப்பழம் கேமராவை விட்டு அவர் பக்கம் திரும்பி, மறுபடி தப்பாகப் பாடினார். பிரமிளா மறுபடி பாடினார். இப்போது கோபமும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது, இந்த மனுஷனுக்கு எப்படிப் புரியவைப்பது என்ற தவிப்பும் இருந்தது. தங்கப்பழம் பாடுவதை நிறுத்திவிட்டார். பிரமிளா நிறுத்தவில்லை. மழையைக் கடைசி வரி வரைக்கும் திட்டித் தீர்த்து, அதைப் போகவேண்டாம் என்றும் சொல்லி, மூச்சு வாங்க நின்றார். அப்புறம் தங்கப்பழத்தின் கோலத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

யாருக்கும் கட் சொல்லத் தோன்றவில்லை.

"கேமரா ஓடிச்சா?" என்றார் பிரமிளா, திடுக்கிட்டு.

"ஓடிச்சும்மா. வந்து பாருங்க. வேண்டாம்னா உங்க முன்னாடியே அழிச்சிடுறேன்."

மானிட்டர் முன்னால் பிரமிளா நின்றார். முகத்தில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தார். கண்ணை எடுக்கவில்லை.

"கழுத்து நரம்பெல்லாம் தெரியுதே."

"ஆமாம்மா."

"வாய் இம்மாம் பெருசாவா திறக்கிறேன்?"

"ஆமா."

பிரமிளா முழுவதையும் பார்த்தார்.

"லாரில தண்ணி இன்னும் இருக்காண்ணே?"

"இருக்கு."

"அப்ப இன்னொரு தடவை பாடுறேன்."

மாடல் பெண் கீழே கிடந்த குடையை எடுத்து மடக்கி வைத்தாள். "அக்கா, நான் உங்க பக்கத்துல நின்னு ஆடட்டுமா?" என்று கேட்டாள். ஆடினாள். அதுவும் நன்றாகத்தான் வந்தது.

சில நாள் கழித்து, வெட்டி ஒட்டிய படத்தோடு தங்கப்பழம் மாவு மில் மாடிக்கு வந்தார். இப்போது முகம் தொங்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது.

நிலோஃபர் படம் முழுவதையும் பார்த்தார். முதலில் ஒலியில்லாமல் பார்த்தார். பிறகு ஒலியோடு பார்த்தார். இரண்டாவது முறை அவர் உதடும் சேர்ந்து அசைந்தது.

"இன்பராஜ் பாத்தாரா?"

"பாத்தாரு. பிரமிளா வீட்ல எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டினாராம். அந்தம்மா கூச்சப்படவே இல்லையாம், மேடம். சத்தத்தைக் கூட்டுன்னாங்களாம்."

"அப்புறம் என்ன?"

தங்கப்பழம் படத்தை இரண்டாவது சரணத்துக்கு நகர்த்தினார். திரையில் பிரமிளா கை ஓங்கிப் பாடிக்கொண்டிருந்தார். ஃப்ரேமின் ஓரத்தில், நனைந்த சட்டையும் தொந்தியுமாக, பாதி முதுகு காட்டியபடி ஒரு மனிதர் நின்றார்.

"இதுதான் மேடம். நான் உள்ள வந்துட்டேன். அன்னைக்கு எடுத்ததுலயே இதுதான் உசத்தி. இதை மாதிரி வேற அமையலை. ஆனா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க? ஃப்ரேமுக்குள்ள நிக்கக் கூடாதுன்னுகூடத் தெரியாத டைரக்டர்னு சிரிப்பாங்க. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினா நான் போயிடுவேன். வெட்டிடவா?"

"வெட்டிக் காட்டுங்க."

தங்கப்பழம் ஓரத்தை வெட்டினார். பிரமிளா மட்டும் இருந்தார்.

"இப்ப அவங்க யாரைப் பாத்துப் பாடுறாங்க?"

தங்கப்பழம் உற்றுப் பார்த்தார். "தெரியலை மேடம். சும்மா அந்தப் பக்கம் பாக்குறாங்க."

"வெட்டினதைத் திருப்பி வைங்க."

வைத்தார். நனைந்த மனிதர் ஓரத்தில் மறுபடி வந்து நின்றார்.

"இப்ப?"

"என்னைத்தான் பாக்குறாங்க."

நிலோஃபர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அப்ப இருந்துட்டுப் போங்கண்ணே."