ஐந்து நட்சத்திரம் போட்ட ஆள்

"இந்தக் கடையைச் சுத்த சைவம்னு எழுதின அயோக்கியன் எவனா இருந்தாலும், அவன் ஒரு வாய்கூட இங்கே சாப்பிட்டிருக்க மாட்டான்!"

நான் போட்ட சத்தத்தில் அந்த வியட்நாம் சாப்பாட்டுக் கடையே திரும்பிப் பார்த்தது. என் குரு உமையாள் அம்மா மட்டும் கையிலிருந்த கரண்டியை மெல்லக் கிண்ணத்துக்குள் வைத்தார்.

எனக்கு வயது அறுபத்தொன்று. அம்மாவுக்கு நாற்பத்திரண்டு. தீட்சை வாங்கிய இருபது வருஷத்தில் மீன் வாடை பட்ட பாத்திரத்தைக்கூட அவர் தொட்டதில்லை. வியட்நாமின் பழைய சிவன் கோயில்களைப் பார்க்க அவர் கிளம்பியபோது, "சாப்பாடு என் பொறுப்பு தாயி" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு கூடவே வந்தவன் நான்.

அவருடைய போனை வாங்கித்தான் கடை தேடினேன். ஐந்து நட்சத்திரம். கீழே தமிழில், 'சுத்த சைவம், நம்பி வரலாம்.' அதற்கு மேல் என்ன வேண்டும்?

மூன்று கரண்டி சூப் உள்ளே போன பிறகுதான் அம்மாவின் முகம் மாறியது. சமையல்காரர் ஓடி வந்து தன் போனில் ஏதோ பேசினார். அது தமிழில் மாற்றிச் சொன்னது: "மீன் சாறு. எங்கள் வீட்டிலேயே செய்தது. ருசி எப்படி?"

நான் துள்ளி எழுந்தேன்.

"சைவம்னு ஏமாத்துறியா?"

போன் அதையும் மாற்றிச் சொன்னது. அந்த மனிதர் விழித்தார். சுவரைக் காட்டினார், பலகையைக் காட்டினார். இரண்டிலும் மீன் படம்தான் போட்டிருந்தது.

"அவர் ஒண்ணும் மறைக்கலையே, அண்ணாச்சி," என்றார் அம்மா. குரல் லேசாக நடுங்கியது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

"அப்போ எழுதினவன்தான்! அவனைச் சும்மா விடமாட்டேன் தாயி. கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்துறேன்."

"நிறுத்துவீங்களா?"

"உங்க மேல சத்தியம்!"

"ஆள் யாரு?"

"பேரை யாரு பார்த்தா? நட்சத்திரத்தைத்தான் பார்த்தேன்."

அம்மா போனை என் பக்கம் தள்ளினார். "பாருங்க."

எழுதினவன் படத்தை விரலால் பெரிதாக்கினேன். வெங்காய மூட்டைகள். மூட்டைகளுக்கு முன்னால் மாலையோடு ஒரு ஆள். பக்கத்தில் பெயர்: பிச்சைக்கனி, வெங்காய மண்டி, விருதுநகர்.

என் மண்டி. என் மாலை. என் மூஞ்சி.

போனை அம்மா பக்கமே தள்ளினேன்.

"இந்தக் கடைக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"

"இல்ல தாயி."

"பிறகு?"

"போன வருஷம் வியாபாரிகள் சங்கத்துல டூர் வந்தோம். பஸ்ஸிலேயே கைடு சொன்னான், நான் சொல்ற கடைக்கு, நான் எழுதி அனுப்புறதை அப்படியே போட்டு அஞ்சு நட்சத்திரம் குடுங்க, ஆளுக்கு ஒரு இளநீர்னு. படிச்சுக்கூடப் பார்க்கல."

"ஒரு இளநீருக்கா?"

"பேரம் பேசி ரெண்டு வாங்கினேன்."

அம்மா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போது வாசலில் தமிழ்க் குரல்கள் கேட்டன. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கூடவே நெற்றி நிறைய திருநீறோடு பெண்ணின் அப்பா. அந்தப் பெண் கையில் போன் இருந்தது.

"இங்கேதான்ப்பா. நம்ம ஊர்க்காரரே எழுதியிருக்காரு, சுத்த சைவமாம்."

"அப்பாடா! மூணு நாளா ரொட்டியும் வாழைப்பழமும்தான். முதல்ல ஒரு சூப் சொல்லும்மா."

மூவரும் உட்கார்ந்தார்கள். சமையல்காரர் அடுப்பை நோக்கி நடந்தார்.

சட்டைப் பையிலிருந்து என் போனை எடுத்தேன். "இதோ தாயி, இப்பவே அழிச்சிடுறேன். யாருக்கும் தெரியாது."

அம்மா அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"அதை அப்புறம் அழிக்கலாம், அண்ணாச்சி. அந்த ஆளை இழுத்துட்டு வந்து நிறுத்துறேன்னு என் மேல சத்தியம் பண்ணீங்க. என் முன்னாடி வேண்டாம். அந்தப் பெரியவர் கரண்டியை எடுக்கிறதுக்குள்ள அவர் முன்னாடி நிறுத்துங்க."