காலி அறையின் இரைச்சல்

“இது தேறாது மேடம். விட்டுடலாம்,” என்றார் தணிகாசலம்.

இந்தக் கருவிக்கு அவருடைய குரு அந்த மேடம்தான். குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். நிலோஃபருக்கு நாற்பது வயது. இந்த மாதிரிக் கருவிகளை ஏற்கெனவே ஓட்டிக் காட்டியவள். சீடர் தணிகாசலத்துக்கு ரிடையராக இன்னும் சில மாதங்கள்.

அணு உலையிலிருந்து நியூட்ரான் கற்றை வரும். நடுவில் வைத்த பொருளில் பட்டுச் சிதறும். சிதறியதை எண்ணி, பொருளின் உள்ளே நடப்பதைச் சொல்வது கருவியின் வேலை. புத்தம் புதிது. பொருளே வைக்காதபோது அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

மூடவில்லை. காலி அறையிலும் எதையெதையோ எண்ணி இரைந்தது.

வியாழக்கிழமை பரிசோதனைக் குழு வருகிறது. அதற்குள் இரைச்சல் அடங்காவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள். தணிகாசலத்தின் முந்தைய கருவியையும் அப்படித்தான் மூடினார்கள்.

“என்னென்ன செஞ்சு பார்த்தீங்க சார்?”

“ஒயரெல்லாம் மாத்தினேன். தப்பி வர்ற நியூட்ரானை விழுங்கட்டும்னு காட்மியத் தகடு சேர்த்தேன். பக்கத்துக் கருவிக்காரங்களோட சண்டையும் போட்டாச்சு.”

“என்ன சொன்னாங்க?”

“முதல்ல உங்க வீட்டைப் பெருக்குங்கன்னாங்க.”

“உள்ளே என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை.” கொஞ்சம் வேகமாகவே சொன்னார்.

நிலோஃபர் கற்றையை நிறுத்தினாள். சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

பொருள் வைக்கும் மேடைக்குப் பின்னால், கறுப்புக் கயிற்றில், எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின.

பழத்துக்குள் இருப்பது தண்ணீர். தண்ணீரில் பட்ட நியூட்ரான் எல்லாப் பக்கமும் தெறிக்கும். வருஷாவருஷம் இதை வகுப்பெடுத்தவரே அவர்தான்.

“போன தடவை கட்டலை மேடம்,” என்றார் தரையைப் பார்த்தபடி. “என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.”

அவள் சிரிக்கவில்லை. இடுக்கியால் எடுத்து, கதிரியக்கக் கழிவுப் பெட்டியில் போட்டாள்.

கதவைப் பூட்டிக் கற்றையைத் திறந்தார்கள். திரை முன்னால் உட்கார்ந்தார்கள். டீ ஆறி, ஆடை கட்டியது.

“இரைச்சல் பாதி இறங்கியிருக்கு,” என்றாள்.

“குழுவுக்கு இது போதாதா?”

“போதாது.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

அவள் கற்றையை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீங்க உட்காருங்க மேடம்,” என்று அவர் சாவிக்குக் கையை நீட்டினார். “மீதியெல்லாம் எங்கெங்கே கட்டியிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும்.”