இடது பக்கக் கதவு

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குரு சுகந்திக்கு முப்பத்தெட்டு. இதைச் சொல்லிச் சொல்லியே கருமத்தம்பட்டி லாரிப் பட்டறைக்காரர்கள் பல நாள் டீ குடித்தார்கள்.

"ஏனுங்க நாச்சிமுத்தண்ணா, உங்க வாத்தியாரம்மா இன்னைக்கு முட்டி போட வெச்சாங்களா?"

"வெச்சாங்க. காருக்கு அடியில பாக்கோணும்னா முட்டி போட்டுத்தான ஆகோணும்" என்பார் நாச்சிமுத்து.

அவரைச் சீண்டிப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடுக்குவதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் அடுக்கிய பட்டை அமுங்கிப்போச்சு என்று எந்த டிரைவரும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. இருக்க வேண்டியதுதான்.

கார் ஆசை பிற்பாடு வந்தது. இழுத்து மூடிய மில் ஒன்றின் பங்களாவில், மாட்டுக்கொட்டகை ஓரம் ஒரு பழைய கார் நின்றுகொண்டிருந்தது. இரண்டே கதவு. துணிக்கூரை. அதை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் வானம் பார்த்துக்கொண்டே போகலாம். நாச்சிமுத்து அதைக் கொண்டுவந்து துரு சுரண்டி, இளநீலம் அடித்து, ஓட வைத்தார். பிறகு பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, சூலூரில் பந்தயக் கார்களைத் தயார் செய்யும் சுகந்தியின் ஷெட்டில் போய் நின்றார். லாரி தெரிந்தவனுக்குக் கார் தெரியும் என்று அவர் நினைக்கவில்லை. அந்த மட்டில் அவர் நல்ல சீடர்.

முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மிணி, சக்கரம், ஸ்பிரிங்கு, பிரேக்கு. மூணையும் மாத்தப் போறனுங்க. எதை மொதல்ல மாத்தறது?"

சுகந்தி காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"எதையும் மாத்தாதீங்ணா. கொஞ்ச நாள் ஓட்டுங்க. வண்டியே சொல்லும்."

"என்னன்னு சொல்லுமுங்க?"

"சொல்லும்போது காது குடுங்க. போதும்."

நாச்சிமுத்துவின் கை சும்மா இருக்கிற கை அல்ல. இரண்டு வாரம் ஓட்டினார். மூன்றாவது வாரம் காரைத் தன் பட்டறைக்கே கொண்டுபோய் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டார். அகலச் சக்கரம். கல்லாட்டம் ஸ்பிரிங். முன்னால் பெரிய டிஸ்க் பிரேக். கார் அகலக் கால் வைத்து நின்ற நிற்பைப் பார்த்துப் பட்டறைக்காரர்களே வாயடைத்துப் போனார்கள். அன்று அவருக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

அடுத்த ஞாயிறு மனைவி தெய்வாத்தாளை இடது பக்கம் உட்கார வைத்துக்கொண்டு ஆனைகட்டிப் பக்கம் கிளம்பினார். பட்டறைக்காரர்கள் வேடிக்கை பார்க்க ஒரு வேனில் பின்னால் வந்தார்கள். தெய்வாத்தாள் புதுச் சேலை கட்டியிருந்தார். காற்றுக்குத் தலைமுடி கலைந்ததைக்கூட அவர் சரி செய்யவில்லை. சந்தோஷமாக இருந்தார்.

ஒரு வளைவில் சாலை பெயர்ந்து பள்ளமாகக் கிடந்தது. அகலச் சக்கரம் அதில் இறங்கி ஏறியது. இடது பக்கக் கதவு திறந்துகொண்டது.

தெய்வாத்தாள் பாதி உடம்பு வெளியே சாய்ந்து, முன்கண்ணாடிச் சட்டத்தை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கினார். சேலைத் தலைப்பு தாரில் தேய்ந்தது. பெரிய பிரேக் வண்டியை நிற்க வைத்தது. பின்னால் வந்தவர்கள் ஓடி வந்தார்கள்.  நாச்சிமுத்துவின் வாயில் முதலில் வந்தது இதுதான்.

"ஒரு கதவைச் சாத்தக்கூடத் தெரியாதா உனக்கு?"

"சாத்தித்தானுங்க உக்காந்தேன்."

"சாத்தியிருந்தா எப்படித் தெறக்கும்?"

சுற்றி நின்றவர்கள் கதவைப் பார்த்தார்கள், தெய்வாத்தாளைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். தெய்வாத்தாள் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் எதுவும் மாறவில்லை. நேரத்துக்குச் சோறு வந்தது, பேச்சும் இருந்தது. காருக்குள் மட்டும் தெய்வாத்தாள் காலை வைக்கவில்லை. நாச்சிமுத்து கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார். அதையும் கழற்றிவிட்டு இன்னும் கெட்டியான பூட்டு போட்டார். பிறகு மெல்லப் பேச்செடுத்தார்.

"வர்ற மாசம் ஊட்டியில பழைய காருங்க ஊர்வலம். குடும்பத்தோட வரச் சொல்லியிருக்கறாங்க. உன்னைக் கூட்டிட்டு வர்றேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"போயிட்டு வாங்க" என்றார் தெய்வாத்தாள். "கதவு சாத்தத் தெரிஞ்சவங்க ஆரையாச்சும் கூட்டிட்டுப் போங்க."

நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஊர்வலத்தில் இடது பக்க இருக்கை காலியாகப் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சூலூருக்குக் காரை ஓட்டி வந்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லாமல் மாற்றியதையும் சொன்னார். சுகந்தி திட்டவில்லை.

"இப்ப என்னங்ணா செய்யலாம்னு இருக்கறீங்க?"

"ஸ்பிரிங்கை இன்னுங் கொஞ்சம் ஏத்தி வெச்சுட்டா வண்டி ஆட்டமே இல்லாம போகுமுங்க. அப்புறம் அவ பயப்பட மாட்டா."

"அக்காளுக்குப் பயமுங்களா?"

நாச்சிமுத்து இடது பக்கக் கதவைத் திறந்து புதுப் பூட்டைக் காட்டினார்.

"அந்தக் கதவைச் சாத்துங்க" என்றார் சுகந்தி.

சாத்தினார்.

"இழுத்துப் பாருங்க."

"சிக்குனு இருக்குதுங்க."

சுகந்தி ஜாக்கியை உருட்டி வந்து முன்பக்கம் ஒரு மூலைக்கு அடியில் வைத்தார். "ஏத்துங்ணா" என்றார்.

நாச்சிமுத்து ஏற்றினார். ஒரு கால் மட்டும் தூக்கிய கயிற்றுக்கட்டில் மாதிரி கார் கோணிக்கொண்டு எழுந்தது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த கோடு மேலே அகலமானது. முதலில் நகம் நுழைகிற அளவு, பிறகு விரல் நுழைகிற அளவு. இன்னொரு அழுத்து அழுத்தினார். டொக்கென்று ஒரு சத்தம். கதவு தானாகத் திறந்து ஆடியது.

அதை யாரும் தொடவில்லை.

நாச்சிமுத்து எழுந்து போய்க் கதவைச் சாத்தப் பார்த்தார். சாத்த வரவில்லை. ஜாக்கியை இறக்கினார். கதவு ஒழுங்காகச் சாத்திக்கொண்டது. மறுபடி ஏற்றினார். மறுபடி டொக்.

குத்தவைத்து உட்கார்ந்து பூட்டைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

பந்தயத்தில் ஜெயித்த யாரோ கொடுத்துவிட்டுப் போன மைசூர்பாகுப் பெட்டி மேஜையில் இருந்தது. சுகந்தி அதை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"முறுக்குங்க."

முறுக்கினார். பெட்டி அசையவில்லை. சுகந்தி மூடியை எடுத்துவிட்டு, "இப்ப" என்றார். பெட்டி ஈரத்துணி போல் முறுக்கிக்கொண்டது.

"கூரைன்னா மழைக்கும் வெயிலுக்குந்தான்னு இருந்தனுங்க" என்றார் நாச்சிமுத்து.

"ம்."

"இதுக்கு இரும்புக் கூரையே இல்லீங்களே. அப்ப நான் போட்ட சக்கரம் தப்புங்களா?"

"நல்ல சக்கரம்."

"ஸ்பிரிங்கு?"

"உங்க கை வேலைங்ணா. கொறை சொல்ல முடியுமா?"

"பிரேக்கு?"

"அன்னைக்கு அதுதான அக்காளைக் காப்பாத்துச்சு."

"பின்ன என்னதானுங்க தப்பு?"

"எல்லாம் பலசாலிங்க. இத்தனை பேரும் எதைப் புடிச்சுக்கிட்டு பலத்தைக் காட்டறாங்க?"

நாச்சிமுத்து இரும்போடு பிறந்தவர். பாதி சொன்னால் போதும். பழைய மெல்லிய சக்கரமும் தொளதொள ஸ்பிரிங்கும் பள்ளத்தின் அடியைத் தாங்களே வாங்கிக்கொண்டன. புதியவை ஒன்றையும் வாங்கிக்கொள்ளாமல் அப்படியே காரின் உடம்புக்குத் தள்ளிவிட்டன. மூடியில்லாத பெட்டி போல் அது முறுக்கிக்கொள்ள, கதவு பிடியை விட்டுவிட்டது. காருக்கு அடியில் புகுந்து விரலால் அளந்தார். வெளியே வந்தபோது முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"ரெண்டு பக்கமும் அடியில நீளமா இரும்புச் சட்டம் வெச்சு, நடுவுல குறுக்கு குடுத்துருலாமுங்க. அப்புறம் ஸ்பிரிங்கை எளக்கி, சக்கரத்தையும் கொஞ்சம் ஒல்லியாக்கிக்கலாம். பொழுது சாயறதுக்குள்ள சட்டத்தைப் பத்த வெச்சுருவேன்."

"சரியான வேலை" என்றார் சுகந்தி.

நாச்சிமுத்து உற்சாகமாக வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இரும்பில் தொட்டார். பொறி வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். சுகந்தி மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"கரண்டு போயிருச்சுங்களா?"

"நான்தாங்ணா நிறுத்துனேன்."

"ஏனுங்க அம்மிணி?"

"இந்தச் சட்டத்தை வெச்சுட்டா இந்தக் கதவு இனி எந்த ரோட்டுலயும் தானாத் தெறக்காது."

"அதுக்குத்தானுங்களே வெக்கறது."

"ஆமா. அப்புறம் எத்தனை ஜாக்கி போட்டாலும் அன்னைக்கு நடந்ததை ஆருக்கும் காட்ட முடியாது."

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ எல்லாத்தையும் மறந்திருப்பாளுங்க."

 சுகந்தி மைசூர்பாகில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு வேறு காருக்குப் போய்விட்டார்.

சுவிட்ச் பக்கத்திலேயே இருந்தது. நாச்சிமுத்துவே போட்டிருக்கலாம். பற்ற வைத்திருந்தால் கதவு சரியாகியிருக்கும், ஊர் வாயும் அடங்கியிருக்கும், தெய்வாத்தாளை நாச்சிமுத்து சொன்ன சொல்லும் அப்படியே நின்றிருக்கும்.  அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கருமத்தம்பட்டிப் பட்டறை வாசலில் கார் நின்றது. வேனில் வந்த அத்தனை பேரையும் நாச்சிமுத்து கூப்பிட்டிருந்தார். தெய்வாத்தாளை மகன் மொபெட்டில் கொண்டுவந்து இறக்கினான். எதற்கு வரச் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியாது. வந்தவர் காரிலிருந்து தள்ளியே நின்றார்.

"கதவைச் சாத்து" என்றார் நாச்சிமுத்து.

"நானுங்களா?"

"நீதான்."

தெய்வாத்தாள் சாத்தினார். நாச்சிமுத்து எல்லோரையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அன்று சிரித்தவர் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். நாச்சிமுத்து மண்ணில் முட்டி போட்டு ஜாக்கியை வைத்து ஏற்றினார். கார் கோணியது, கோடு அகலமானது. டொக்.

பட்டறையில் சம்மட்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"அன்னைக்கு இவ சாத்தித்தான் உக்காந்திருக்கறா" என்றார் நாச்சிமுத்து, முட்டி போட்டபடியே. "வண்டிக்கு என்ன பண்ணுனோம்னு தெரியாத நாந்தான் பேசிப்போட்டேன்."

அதைச் சொல்லும்போது அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சொல்லி முடித்ததும் லேசாக இருந்தது. இத்தனை நாள் இரும்பு தூக்கியும் தெரியாத பாரம் அது.

 தெய்வாத்தாள் ஜாக்கி இறங்கும் வரை காத்திருந்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டார்.

"இன்னொருக்கா சாத்தட்டுங்களா?"

அவர் சாத்தினார், இவர் ஏற்றினார். பிந்தி வந்தவர்களுக்காக மறுபடியும் நடந்தது. பட்டை மாற்ற வந்த லாரி டிரைவர்கள், இரும்பு இறக்க வந்தவர்கள், டீ கொண்டுவந்தவர் என்று ஒருவரையும் தெய்வாத்தாள் விடவில்லை. மத்தியானம் வரை நாச்சிமுத்து முட்டி போட்டு எழுந்தார். அலுத்துக்கொள்ளவில்லை. தன் பெண்டாட்டி அப்படி நிமிர்ந்து நின்று அவர் பார்த்து வெகு காலமாகியிருந்தது. அதில் அவருக்கே பெருமையாக இருந்தது.

சட்டத்தை அதன் பிறகுதான் பற்ற வைத்தார். பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை உருவி எடுத்து, மிச்சத்தை வளைவு குறையாமல் தன் கையாலேயே தட்டி அடுக்கினார். அகலச் சக்கரம் போய் அளவான சக்கரம் வந்தது. பெரிய டிஸ்க் அப்படியே இருந்தது. முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும்படி பின்பக்கப் பிரேக்கைச் சரிக்கட்டினார். சுகந்தி காரை மேடு பள்ளமெல்லாம் ஓட்டிவிட்டு வந்து, ஒன்றுமே சொல்லாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அவரிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது என்பது அந்த ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஊட்டிக்குக் கிளம்பிய காலையில் கார் சூலூர் ஷெட் வாசலில் வந்து நின்றது. கூரை மடக்கியிருந்தது. இடது பக்கம் தெய்வாத்தாள், அதே சேலையில் உட்கார்ந்திருந்தார். தார் தேய்த்த தலைப்பை மடிக்காமல் தெரியும்படியே விட்டிருந்தார்.

சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. "மொத நாள் கேட்டேன். நீங்க பதிலே சொல்லலை. இப்பவாச்சும் சொல்லுங்க. மொதல்ல எதைங்க மாத்தியிருக்கோணும்?"

சுகந்தி காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். சக்கரத்தைப் பார்க்கவில்லை, குனிந்து ஸ்பிரிங்கையும் பார்க்கவில்லை. இடது பக்கம் வந்து நின்றார். கதவை இழுத்துப் பார்க்காமல் கேட்டார்.

"கதவு சாத்தியாச்சுங்களா அக்கா?"

"சாத்தியாச்சு கண்ணு" என்றார் தெய்வாத்தாள்.

சுகந்தி நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"சாத்தியாச்சாம். கெளம்புங்ணா."