வாய் திறக்காத சாட்சி

முன்னொரு காலத்திலே குயிலங்கோட்டைச் சீமையைப் பூவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் யானை வேண்டும் என்பான். மாலையில் அது ஏன் பறக்கவில்லை என்று பாகனைக் கோபித்துக்கொள்வான்.

அவன் தோட்டத்துச் சந்தன மரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள். மலையில் தேனெடுக்கும் மாசன்மேல் பழி விழுந்தது; யாரும் பார்க்க முடியாதபடி அவனைச் சிறையில் அடைத்தார்கள். மறுநாள் அவன் வலது கையை எடுக்கத் தீர்ப்பாயிற்று. கையில்லாதவன் தேன்பாறையில் கயிற்றைப் பிடிப்பது எப்படி? மரம் வெட்டியதைக் கண்ணால் கண்டவள் அவன் மனைவி கெம்பி. அவளுக்கோ மலைப்பேச்சு மட்டும்தான் தெரியும்.

"எழுத்தில்லை, இலக்கணமில்லை. வேற்றுமை உண்டா, விகுதி உண்டா? இது மொழியல்ல மகாராஜா, குரங்குச் சத்தம்! குரங்கின் சாட்சி சபை ஏறுமா?" என்றார் அவைப்புலவர் வாகீசப் பண்டிதர்.

"ஏறாது!" என்றான் ராஜா.

அமைச்சர் சேந்தனுக்கு இது பொறுக்கவில்லை. சந்தைக்கு வரும் மலையாட்களிடம் அவர் பேச்சுக் கொடுத்துப் பழகியவர். ஒரே சொல்லைக் குரல் ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள் என்று அவருக்குத் தெரியும். பாறையில் தொங்கும்போது வாயைத் திறந்தால் தேனீ புகுந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு, அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் முனகியே பேசிக்கொள்வார்கள்.

"மகாராஜா, பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? ஒரு சோதனை வைப்போம். தங்கள் மோதிரத்தைக் கெம்பி பார்க்கப் பண்டிதரே ஒளித்துவைக்கட்டும். அவள் வாயே திறக்க வேண்டாம். மாசன் எடுத்துத் தருவான்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் கொள்ளை ஆசை. மாசனை வெளியே நிறுத்தினார்கள். பண்டிதர் நமட்டுச் சிரிப்போடு மோதிரத்தைத் தம் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார். மாசனைக் கண்ணைக் கட்டி உள்ளே கொண்டுவந்தார்கள். கெம்பி உதட்டை இறுக்கிக்கொண்டு முனகினாள். நெடுநேரம் முனகினாள்.

கட்டை அவிழ்த்ததும் மாசன் நேரே போய்ப் பண்டிதரின் தலைப்பாகையைத் தூக்கினான். மோதிரம் உருண்டது. பண்டிதரின் மொட்டைத்தலை பளபளத்தது. சபை குலுங்கிச் சிரித்தது.

"பலே! ஆனால் இதைச் சொல்லவா இத்தனை நேரம்?" என்றான் ராஜா.

மாசன் கும்பிட்டான். "இன்னொண்ணும் சொன்னா சாமி. மரத்தை வெட்டச் சொல்லி நின்ன ஆளு இவருதானாம். வண்டி பின்னாலேயே போய்ப் பார்த்தாளாம். மரம் இவரு வீட்டுலதான் இருக்குதாம்."

"பொய்! என் வைக்கோற்போருக்குள் ஒன்றுமே இல்லை!" என்று அலறினார் பண்டிதர்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். சேவகர்கள் ஓடினார்கள், வைக்கோலைக் கிளறிச் சந்தனக் கட்டையோடு திரும்பினார்கள்.

மாசன் விடுதலையானான். கெம்பிக்குப் பட்டுச்சேலையும், தேன்பாறை முழுவதும் அவர்களுக்கே என்ற பட்டயமும் கிடைத்தன. "இவருக்கு என்ன தண்டனை?" என்று ராஜா கேட்டான்.

"இலக்கணம் இல்லை என்றாரே, இவரே மலையேறி அதை எழுதிவரட்டும். கெம்பி சரியென்று சொல்லும்வரை இறங்கக்கூடாது" என்றார் சேந்தன்.

மறுநாள் பண்டிதர் ஓலையும் எழுத்தாணியுமாகப் பாறையடியில் உட்கார்ந்து, "முதல் பாடம் என்ன?" என்று கேட்டார்.

கெம்பி சொன்னதை மாசன் தமிழில் சொன்னான்: "வாயை மூடுங்க சாமி."